துணைப் பாத்திரங்கள்

விருந்தாளிகள் வாயிலிருந்து வரும் வாக்கியங்களிலேயே ஆபத்தானது, "எங்களுக்காக ஒண்ணும் மெனக்கெட வேண்டாம், சிம்பிளா ஏதாவது ஒண்ணு இருந்தாப் போதும்" என்பது. ஆட்டுக்கால் பாயாவும் இடியாப்பமும் வேண்டும் என்று ஒருவர் நேராகக் கேட்டுவிட்டால் சிக்கலே இல்லை. செய்து போடலாம், அல்லது இன்றைக்குக் கறிக்கடை லீவு என்று சொல்லிவிடலாம். சிம்பிளாக ஒன்று கேட்பவரிடம் எந்தக் கடை லீவும் செல்லாது. அந்த ஒன்றுக்கு அக்கம்பக்கத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்பது, இலை போட்டு உட்கார்ந்த பிறகுதான் அவருக்கே தெரியவரும்.

எங்கள் வீட்டில் அந்த 'ஒன்று' என் பொறுப்பு. ஆட்கள் கூட்டமாக வரும்போதெல்லாம் மொத்தச் சமையலையும் நானே பார்த்துக்கொள்கிறேன் என்பதை இங்கே பதிவு செய்துவிடுகிறேன். ஒரே பாத்திரம், அதற்குள் சகலமும் அடக்கம். அப்பளம் பொரிப்பது, பச்சடி கலப்பது மாதிரியான சில்லறை வேலைகள் மட்டும் மனைவிக்கு. ஆண்கள் வீட்டு வேலை செய்வதில்லை என்று பத்திரிகைகளில் எழுதுகிறவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்து பார்க்கலாம். முன்கூட்டியே சொல்லிவிட்டு வரட்டும்.

நான் கோயம்புத்தூர்க்காரன். ஆகவே அந்த ஒன்று எது என்பதில் எனக்குக் குழப்பம் வந்ததே கிடையாது. அரிசிம்பருப்புச் சாதம். மழை பெய்தால் அரிசிம்பருப்பு. வெளியூர் போய்விட்டு ராத்திரி பத்து மணிக்கு வீடு திரும்பினால் அரிசிம்பருப்பு. காய்கறிக் கூடையில் நாலு சின்ன வெங்காயத்தையும் ஒரு வதங்கின தக்காளியையும் தவிர எதுவும் இல்லாத மாசக் கடைசியிலும் அதுதான். கொங்கு நாட்டு வீடுகளில் 'இன்னைக்கு என்ன சமையல்' என்ற கேள்விக்கு யாரும் பதில் யோசிக்காத நாட்களில் தானாக நடந்துவிடுகிற சமையல் அது.

செய்கிற விதம் இதுதான். குக்கரிலேயே கடலை எண்ணெயைக் காயவைத்து, கடுகு, சீரகம், வரமிளகாய், கறிவேப்பிலை தாளித்து, சின்ன வெங்காயத்தை ஒன்றிரண்டாக அரிந்து போட வேண்டும். பூண்டு முழுப் பல்லாக விழ வேண்டும். நசுக்கினால் வாசம் எல்லாம் முதல் ஐந்து நிமிஷத்திலேயே தீர்ந்துவிடும். வெங்காயம் கண்ணாடியாக வதங்கியதும் தக்காளி, மஞ்சள்தூள், தட்டி வைத்த மிளகு சீரகம். கழுவிய அரிசியையும் துவரம்பருப்பையும் கொட்டி இரண்டு பிரட்டு. தண்ணீர், உப்பு, மூடி. திறந்த பிறகு நெய். சாதம் உதிரக் கூடாது, பொங்கலாகக் குழையவும் கூடாது. கரண்டியில் எடுத்துச் சாய்த்தால், ஒரு கணம் யோசித்துவிட்டு விழ வேண்டும். இதில் சாம்பார்ப் பொடி போடுகிறவர்களும் உண்டு. அவர்களோடு எனக்குப் பேச்சுவார்த்தை உண்டு. பெண் கொடுத்துப் பெண் எடுப்பது கிடையாது.

இதெல்லாம் நாலு பேருக்கு. பன்னிரண்டு பேர் வருகிறார்கள் என்றால் கணக்குப் போட வேண்டும். கலந்த சாதத்துக்கு ஆளுக்கு 100 கிராம் அரிசி என்று வைத்தால் 1 கிலோ 200 கிராம். பருப்பு 300 கிராம். ஒன்றுக்கு மூன்று என்று தண்ணீர் அளந்தால் கிட்டத்தட்ட அஞ்சரை லிட்டர். எங்களிடம் இருப்பது 10 லிட்டர் குக்கர். பத்து லிட்டருக்கு இது எம்மாத்திரம் என்று தோன்றும். ஆனால் அரிசியும் பருப்பும் வேகும்போது நுரை கட்டி மேலே ஏறும். அந்த நுரை போய் வெயிட் உட்காரும் துவாரத்தை அடைத்துக்கொண்டால், அப்புறம் சாதத்தைக் கூரையிலிருந்துதான் பரிமாற வேண்டியிருக்கும். அதனால் இந்த மாதிரி பண்டங்களுக்குக் குக்கரில் பாதிக்கு மேல் போகக் கூடாது என்று கூடவே வரும் புத்தகத்தில் போட்டிருப்பார்கள். பத்தில் பாதி ஐந்து. ஆக, ஒரே பாத்திரச் சமையலுக்கு முதல் தேவை, இரண்டு குக்கர்.

குக்கர் என்றதும் ஒரு பழைய விருந்து நினைவுக்கு வருகிறது. குக்கரின் மூதாதையைக் கண்டுபிடித்தவர் டெனி பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர். 1679-இல் லண்டனில் ராயல் சொசைட்டி விஞ்ஞானிகளுக்கு அதைக் காட்டினார். மூடிய பாத்திரத்துக்குள் நீராவி அடைபட்டால் அழுத்தம் ஏறும், அழுத்தம் ஏறினால் தண்ணீர் 100 டிகிரியில் கொதித்து ஆவியாகாமல் இன்னும் சூடேறும் என்பதுதான் விஷயம். நம் வீட்டு குக்கரில் அது 120 டிகிரிவரை போகிறது. பாப்பின் முதலில் செய்த பாத்திரங்கள் வெடிக்கக்கூடியவையாக இருந்ததால், அழுத்தம் மிஞ்சினால் தானே திறந்துகொள்ளும் ஒரு வால்வையும் யோசித்து வைத்தார். விசில் சத்தத்துக்குத் தெருநாய் குரைக்கும்போதெல்லாம் நான் அவரை நன்றியோடு நினைத்துக்கொள்வேன்.

1682 ஏப்ரலில் அந்த விஞ்ஞானிகளில் சிலர் பாப்பினின் பாத்திரத்தில் வெந்ததை வைத்தே ஒரு ராச்சாப்பாடு சாப்பிட்டார்கள். ஜான் ஈவ்லின் என்பவர் இதைத் தம் டைரியில் எழுதி வைத்திருக்கிறார். மாட்டெலும்பும் ஆட்டெலும்பும் பாலாடைக்கட்டி பதத்துக்கு வந்துவிட்டனவாம். மீனை முள்ளோடு தின்றார்களாம். எல்லாவற்றிலும் புறாக்கறிதான் உசத்தியாம். பாத்திரம் என்னவோ புது மாதிரிதான். ஆனால் பந்தியைக் கவனியுங்கள்: மாடு, ஆடு, மீன், புறா, போதாததற்கு எலும்பு ஜெல்லி. உலகத்தின் மிகப் பெரிய மூளைகள் கூடி உட்கார்ந்த இடத்திலேயே ஒன்றோடு நிற்கவில்லை. இதில் எனக்கு ரொம்பப் பிடித்த கட்டம் கடைசியில் வருகிறது. ஈவ்லின் அந்த ஜெல்லியில் ஒரு கிளாஸை வீட்டுக்கு, மனைவிக்குப் பார்சல் அனுப்பிவிட்டு, பெண்கள் இதுவரை செய்த ஜெல்லி எல்லாம் இதன் முன்னால் தலைகுனிய வேண்டியதுதான் என்றும் எழுதிவிட்டார். டைரியை எங்கே ஒளித்து வைத்திருந்தாரோ.

என் மனைவி திருநெல்வேலிக்காரி. அரிசிம்பருப்பு என்பது உடம்பு சரியில்லாதவர்களுக்குக் கொடுப்பது என்ற எண்ணம் அந்தப் பக்கத்தில் உண்டு. "நாலு பேர் வீட்டுக்கு வரும்போது பருப்புச் சோத்தைப் போட்டா என்ன நினைப்பாங்க? கூட்டாஞ்சோறு ஆக்குவோம். அதுவும் ஒரே பாத்திரந்தானே?" என்பாள்.

கூட்டாஞ்சோற்றின் ருசியைப் பற்றி எனக்கு இரண்டு கருத்து கிடையாது. முருங்கைக்காய், கத்திரிக்காய், வாழைக்காய், கொத்தவரங்காய், மாங்காய், உருளைக்கிழங்கு எல்லாம் அரிசி பருப்போடு சேர்ந்து வெந்து, தேங்காய், சீரகம், வரமிளகாய், சின்ன வெங்காயம் அரைத்த விழுது இறங்கி, புளித்தண்ணீரும் முருங்கைக்கீரையும் சேர்ந்து, கடைசியில் வடகம் தாளித்த எண்ணெய் சொய்யென்று விழும்போது, அடுத்த தெருவில் இருப்பவனும் திருநெல்வேலிக்காரன் ஆகிவிடுவான். ஆனால் கூட்டாஞ்சோற்றை ஒரே பாத்திரச் சமையல் என்று சொல்வது, கல்யாணத்தை ஒரே மண்டபத்து வேலை என்று சொல்வது போல. காய் நறுக்கவே ஒரு முழுக் காலை வேண்டும். நறுக்கியதைப் போட்டு வைக்க ஆறு கிண்ணம். வாழைக்காய்க்கும் கத்திரிக்காய்க்கும் தண்ணீர் ஊற்றிய தனித்தனிப் பாத்திரம், இல்லாவிட்டால் கறுத்துவிடும். புளி கரைக்க ஒன்று. கீரை அலச ஒன்று. மிக்ஸி ஜார் ஒன்று. தாளிப்புக் கரண்டி ஒன்று. அடுப்பில் இருப்பது ஒரே பாத்திரம் என்பது மட்டும் உண்மை. அது ஒன்று வேகட்டும் என்று மற்றதெல்லாம் மேடையில் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும்.

இதனால் எங்கள் வீட்டில் ஒரு சமாதான ஒப்பந்தம் உண்டு. அவள் பக்கத்து ஜனம் அதிகமாக வந்தால் கூட்டாஞ்சோறு, என் பக்கம் அதிகமானால் அரிசிம்பருப்பு. சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பக்கமும் சரிபாதியாக வந்துவிட்டது. சமையல் என் பொறுப்பு என்பதால் அரிசிம்பருப்பு என்று தீர்ப்பானது.

முதலில் வந்தவர் கோபிச்செட்டிபாளையத்து அத்தை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "ஏஞ்சாமி, இன்னைக்குக் கிருத்திகை. வெங்காயம் பூண்டு போட்டிருந்தா எனக்கு வேண்டாங்கண்ணு. என்னைய யாரும் கண்டுக்காதீங்க, ஒரு கை தயிர்ச்சோறு இருந்தாப் போதும்" என்றார். தயிர்ச்சோறு என்றால் முதலில் சோறு வேண்டும். வெள்ளைச்சோறு. அது நம் திட்டத்தில் இல்லை. மூன்றாவது அடுப்பில் ஒரு சின்னப் பாத்திரம் ஏறியது. நம் விருந்தாளிகளில் கண்டுக்காதீங்க என்று சொல்பவரைத்தான் முதலில் கண்டுகொள்ள வேண்டும்.

வெள்ளைச்சோறு வெந்த வாசனைக்கு மச்சினன் பையன் ஓடி வந்தான். ஐந்து வயது. மஞ்சளாக இருக்கும் எந்தச் சாதத்தையும் அவன் வாழ்க்கையில் தொட்டதில்லை. "அவனுக்கு வெறும் சோத்துல நெய் விட்டுப் பெசஞ்சாப் போதும்ண்ணே, ஒரு உருளைக்கிழங்கு மட்டும் வறுத்துட்டா சமத்தா சாப்பிட்டுருவான்" என்றாள் அவன் அம்மா. ஒரு உருளைக்கிழங்கை மட்டும் வறுக்கிற வீடு தமிழ்நாட்டில் எங்கேயாவது உண்டா? ஒரு கிலோ சீவப்பட்டது.

பாளையங்கோட்டைச் சித்தப்பாவுக்குச் சுகர். "மாப்ளே, நமக்குச் சோறு ஆகாது. நீங்க சிரமப்படாண்டாம், ரெண்டே ரெண்டு சப்பாத்தி போட்டாப் போதும்" என்றார். சப்பாத்திக்குத் தொட்டுக்கொள்ள ஒன்று வேண்டும் என்பதைச் சொல்லாமல் விட்டது அவருடைய பெருந்தன்மை. மனைவி பருப்புக் குழம்பு ஒன்றைச் சுருக்காக வைத்தாள். சித்தப்பா இரண்டு சப்பாத்தியையும் முடித்துவிட்டு, "வாசம் ஆளைத் தூக்குது" என்று அரிசிம்பருப்பில் நாலு கரண்டி வாங்கிக்கொண்டார். சுகர் மாத்திரை ஒன்று கூடப் போட்டுக்கொள்ளலாம் என்று தமக்குத்தாமே வைத்தியமும் சொல்லிக்கொண்டார்.

சாப்பாட்டின் நடுவில் பெரியப்பா மகன் சுற்றுமுற்றும் பார்த்து, "ரசம் இல்லீங்களா?" என்றான். அது புகார் இல்லை. தன் கண்ணில் ஏதோ கோளாறு என்று நினைத்துக் கேட்டது மாதிரிதான் இருந்தது. உள்ளேயிருந்து ரசம் வந்தது. எப்போது வைத்தாள் என்று எனக்கே தெரியாது.

இதற்கெல்லாம் மூல காரணம் வாழை இலை என்பது என் முடிவு. நுனி இடப்பக்கம் வரப் போட்டால், மேல் பாதியில் உப்பு, ஊறுகாய், பச்சடி, பொரியல், கூட்டு என்று வரிசையாக எல்லாவற்றுக்கும் இடம் குறித்து வைக்கப்பட்டிருக்கிறது. கீழ்ப்பாதிதான் சோற்றுக்கு. அவ்வளவு பெரிய இலையில் ஒரே ஒரு சாதத்தை வைத்தால், மேல் பாதி வறண்ட நஞ்சையாக விரிந்து கிடக்கும். விருந்தாளி அதைப் பார்ப்பார். பிறகு உங்களைப் பார்ப்பார். ஆகவே அனுபவஸ்தன் என்ற முறையில் ஒரு யோசனை: ஒரே பாத்திரச் சமையலுக்கு இலை போடவே போடாதீர்கள். சின்னப் பாக்குமட்டைத் தட்டு வாங்கி வையுங்கள். சாதம் வைத்து, மேலே நெய் விட்டு, ஒரு அப்பளத்தை நிறுத்தினால் தட்டு நிறைந்துவிடும். காலி இடம் கண்ணில் படாவிட்டால் கேள்வியும் வாயில் வராது. இந்த யோசனையை வீட்டில் சொன்னேன். வந்தவர்களுக்கு மட்டைத் தட்டில் போட்டால் அத்தை ஊரெல்லாம் சொல்லிக் காட்டுவார் என்று அன்றும் இலைதான் விழுந்தது.

வெளியில் இந்தத் தொல்லை கிடையாது. 2013-இல் சென்னையில் அம்மா உணவகம் தொடங்கியபோது சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். அங்கே தட்டோடு நின்றபடி "வடகம் இல்லையா?" என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. ஆடி மாசம் மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றும்போதும் அப்படித்தான். வரிசையில் சொம்பை நீட்டினால் அண்டாவில் இருப்பது வரும், அதிகம் போனால் ஒரு வெங்காயத்தைக் கடித்துக்கொள்ளலாம். அண்டா ஊர்ச் சொத்தாக இருந்தால் எல்லோருக்கும் ஒன்றே போதுமென்று ஆகிவிடுகிறது. அதுவே உறவுக்காரர் வீட்டு அடுப்பில் ஏறினால், மரியாதையைப் பாத்திரங்களின் எண்ணிக்கையால் அளக்கத் தொடங்கிவிடுகிறோம். ஊர்ச் சமையலிலும் சில சமயம் ஒரு துணை வந்து ஒட்டிக்கொள்ளும். பள்ளிவாசல் நோன்புக் கஞ்சி அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், தேங்காய்ப்பால் எல்லாம் ஒரே அண்டாவில் கூடிக் குழைந்த அற்புதம். எங்கள் தெருவில் எல்லா வீட்டுத் தூக்குவாளியும் அங்கே சாயங்காலம் போய் நிற்கும். ஆனால் அதுவும் வடையோ சமோசாவோ இல்லாமல் தொண்டையில் இறங்க யோசிக்கும்.

பிரியாணியின் கதை இன்னும் வேடிக்கை. அரிசி, கறி, மசாலா, நெய் எல்லாம் ஒரே டேக்சாவுக்குள் போய், மூடியின் மேல் கங்கு கொட்டித் தம் போட்டு, திறக்கும்போது முழுச் சாப்பாடாக வெளியே வருகிறது. ஒரே பாத்திரச் சமையலின் உச்சம் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆம்பூரில் கத்திரிக்காய் இல்லாமல் பிரியாணி வைத்தால் வைத்தவனை ஏற இறங்கப் பார்ப்பார்கள். வெங்காயப் பச்சடி தனி. கல்யாணமென்றால் தால்சா தனி. அப்புறம் 'வெறும் பிரியாணியா?' என்று ஒரு குரல் எழும்பாமலிருக்கச் சிக்கன் வறுவல், கடைசியில் பிரெட் அல்வா. வெறும் பிரியாணி! தம் போட்டவர் காதில் இது விழுந்தால் கங்கை மூடியிலிருந்து எடுத்து வேறு எங்காவது வைத்துவிடுவார்.

அன்றைய பந்தி மூன்று மணிக்கு முடிந்தது. சமையல் முழுக்க ஒரே ஆள் செய்தது என்று எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். "ஆம்பளை கைச் சமையல்னா தனி ருசிதான்" என்றார் சித்தப்பா. குறிப்பாக எது பிடித்தது என்று கேட்டேன். மாவடு என்றார். அத்தைக்கு உருளைக்கிழங்கு வறுவல் பிடித்திருந்தது. பெரியப்பா மகன் ரசத்தைக் குடித்தே தீர்த்திருந்தான். அடுப்படியில் மனைவி ஒன்றும் சொல்லாமல் பாத்திரங்களைத் துலக்கப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் என் இரண்டு குக்கர்களையும் நானே கழுவிக் கவிழ்த்தேன். மற்றவை சமையலைச் சேர்ந்தவை அல்ல, சில்லறை இனத்தைச் சேர்ந்தவை என்பதால் தலையிடவில்லை. கழுவுதொட்டியில் குவிந்திருந்ததை எண்ணிப் பார்த்தேன்: வடிதட்டு, வாணலி, ரசச்சொம்பு, சப்பாத்திக் கல், பச்சடிக் கிண்ணம், தயிர்ப் பாத்திரம், குழம்புச் சட்டி, கரண்டிகள் நீங்கலாக இருபத்தி மூன்று. ஒரே பாத்திரச் சமையல் எப்படி இவ்வளவு வசதியாக இருக்கிறது என்று நான் வியந்தபோது, அவள் திரும்பிப் பார்த்த பார்வையின் சூடு 120 டிகிரிக்குக் குறையாது. வால்வு இருக்கிறதா என்று யோசித்தபடி ஹாலுக்கு வந்துவிட்டேன்.

கிளம்பும் நேரத்தில் அத்தை மெதுவாக என் அருகில் வந்தார். "கண்ணு, அந்த அரிசிம்பருப்பு கொஞ்சம் மிச்சம் இருக்குதா? நாளைக்குக் கிருத்திகை இல்லையே. காலையில சூடு பண்ணித் தின்னுக்குவேன்" என்றார். இருந்தது. எவர்சில்வர் தூக்கில் போட்டுக் கொடுக்கலாம் என்றேன். பஸ்ஸில் சிந்தும், மூடி இறுக்கமாக உள்ள டப்பா வேண்டும் என்றார். மனைவி பரண்மேலிருந்து, அவள் அம்மா சீராகக் கொடுத்த, இதுவரை எங்களுக்கே எடுக்காத கிளிப் மூடி டப்பாவை எடுத்துக் கொடுத்தாள். கூடவே உருளைக்கிழங்குக்கு ஒரு குட்டி டப்பா. மாவடுக்கு ஒரு பாட்டில்.

நேற்று அத்தை மகன் பேசினான். டப்பாக்களை வைத்துக்கொண்டு அத்தைக்குத் தூக்கமே வரவில்லையாம். வரும் ஞாயிற்றுக்கிழமை அவரே நேரில் கொண்டுவந்து கொடுக்கிறாராம். அடுத்த வீட்டு டப்பாவை வெறுமனே திருப்பிக் கொடுப்பது வழக்கமில்லை என்பதால் கச்சாயம் சுட்டு நிரப்பிக் கொண்டுவருகிறாராம். அதைச் சுமந்து வரச் சின்ன மருமகன் காரோட்டுகிறாராம். காரில் இடம் இருப்பதால் சம்பந்தியம்மாவும் இரண்டு பேரன்களும் கூட வருகிறார்களாம்.